எழுத்துக்கல்

தையலம்மாள் கல்லை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "மொதல்ல என்னைத் தூக்கி வண்டியில போடுங்க. அப்புறம் கல்லைத் தூக்குங்க."

உலகநாதனுக்குக் கோபம் தலைக்கேறியது. செத்துப்போன தம்பியின் பெண்சாதி. பத்து வருஷமாக அவர் எதிரே நின்று பேசாதவள். இன்று பாகூர் ஜனங்கள் கரும்பு வெட்டுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும்படி, அவர் முகத்துக்கு நேரே கத்துகிறாள்.

"எழுந்திரு தையலு. மானத்தை வாங்காத."

"எனக்குன்னு இருக்கறதே அந்தக் கெணறும் இந்தக் கல்லுந்தான். கல்லு போனா கெணறு நிக்குமா, மாமா?"

அவர் நினைப்பும் அதுதான். பாகம் பிரிந்தபோது நொத்தேர் எழுதிய பத்திரத்தில், எழுத்துக்கல்லுக்குக் கிழக்கே உள்ள நிலமும் கிணறும் தம்பிக்கு என்று ஒரே வரிதான் இருந்தது. அளவு எதுவும் கிடையாது. கல் நிற்கும்வரை கிணறு அவளுடையது. கல்லே போய்விட்டால் எதற்குக் கிழக்கே? கோடையிலும் வற்றாத கிணறு. அதைத் தாண்டி ஒரு வரப்பைப் போட்டு, எல்லை இதுதான் என்று அவர் சொன்னால் இல்லையென்று சொல்ல ஆள் ஏது?

கல்லைப் பிடுங்கி ஏரியில் தள்ளிவிட வேண்டும் என்று தை மாதத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தார். ஆட்களிடம் இரண்டு தரம் சொல்லியும் வைத்திருந்தார். அதற்குள் தெய்வமே அனுப்பியதுபோல, இன்று காலையில் பாண்டிச்சேரியில் பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் மியூசேவின் குமாஸ்தா அல்போன்ஸ் மாட்டுவண்டியோடு வந்து இறங்கினார்.

யாரையும் வழி கேட்காமல் நேரே வரப்பில் நடந்துவந்து, கல்லின் முன்னால் குனிந்து நின்றார். எண்ணூறு வருஷத்துக் கல்வெட்டு, மியூசேவில் இருக்க வேண்டியது என்றார். "தாராளமா எடுத்துக்குங்க முசியே" என்று உலகநாதன் சொல்லி வாய் மூடவில்லை, இவள் ஓடிவந்துவிட்டாள்.

"முசியே, இது எங்க நெலத்துக் கல்லு. நான் குடுக்க மாட்டேன்."

அல்போன்ஸ் கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். "தகராறுக் கல்லை மியூசே எடுக்காதுங்க. அங்க முந்நூறு கல்லு இருக்குது, ஒவ்வொண்ணுக்கும் குடுத்தவங்க கையெழுத்து இருக்குது. அது இல்லாம கொண்டுபோனா பெரிய துரை என் சீட்டைக் கிழிச்சிடுவாரு."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகப் பார்த்தது. உலகநாதன் குறுக்கே வந்து நின்றார். "பொம்பள பேச்சை இன்னாத்துக்குக் கேக்கறீங்க? என் பாட்டன் நட்ட கல்லு. மூத்தவன் நான் போடறேன் கையெழுத்து."

"பாட்டன் நட்டாராம் பாட்டன்" என்றாள் தையலம்மாள். "இது ஓடையண்ட கெடந்த கல்லு. எங்க வூட்டுக்காரருதான் தூக்கியாந்து இங்க நட்டாரு."

அவருக்கு ரத்தம் கொதித்தது. "வாய் கூசாம புளுகறியேடி. உன் புருசன் பொறக்கறதுக்கு முன்னாலேருந்து இதே எடத்துலதான் நிக்குது. இம்மி நகரல. முசியே, நீங்க எழுதுங்க. கெணத்துலேருந்து அளந்தே எழுதுங்க."

"அளக்காம எடுக்கவே மாட்டோம்" என்று அல்போன்ஸ் நாடாவை மறுபடி பிரித்தார். "எங்க நின்னுதுன்னு தெரியாத கல்லு துணி தொவைக்கத்தான் ஆவும். எடம் தெரிஞ்சாதான் அது மியூசே கல்லு."

அளந்தார். தடித்த புத்தகத்தில் கிணற்றையும் கல்லையும் படமாகப் போட்டார். பிறகு எழுதியதை ஊரே கேட்கும்படி வாசித்தார்: "கிணற்றின் மேல்கரையிலிருந்து நேர் மேற்கே பதினொன்றரை மீட்டர். மூன்று தலைமுறையாக இடம் மாறாதது. கொடுத்தவர் உலகநாதன். சரிதானுங்களா?"

"சரி. ஊரை ஆளற மேரே வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்." தையலம்மாளை முறைத்துக்கொண்டே அவர் போட்ட கையெழுத்தில் தாள் கிழியாதது அதிசயம்.

"இதே விவரத்தை அட்டையில எழுதி, உங்க பேரோட கல்லுக்குக் கீழ வைப்போம். ஞாயித்துக்கிழமைன்னா எரநூறு பேராவது வந்து பார்ப்பாங்க. யார் வந்து கேட்டாலும் முத்திரை போட்டு நகல் குடுப்போம், கோர்ட்டு கேட்டாலும் சரி."

உலகநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். தையலம்மாள் கல்லை விட்டு எழுந்துகொண்டாள். நாலு ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பி, கல்லை வண்டியில் ஏற்றினார்கள். அவள் அழவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நிதானம் அவருக்குப் பிடிக்கவில்லை. புறப்பட இருந்த வண்டியின் பக்கம் திரும்பினார். "ஆமா முசியே, இங்க இப்படி ஒரு கல்லு இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"காயிதம் வந்துச்சிங்க. கல்லை ஏரியில தள்ளப் போறாங்க, வெரசா வாங்கன்னு எழுதியிருந்தாங்க. வரப்புக்கு வழிகூடப் படம் போட்டிருந்தாங்க." அல்போன்ஸ் தையலம்மாளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

உலகநாதன் அவளைப் பார்த்தார். கல் நின்ற குழியைப் பார்த்தார். பதினொன்றரை மீட்டருக்கு அப்பால் கிணறு இருந்தது.

"இன்னாடி இது?" என்றார்.

"நான் மறிக்கலன்னா நீங்க கையெழுத்துப் போட்டிருப்பீங்களா, மாமா?"