நாற்பத்தாறாவது பெயர்

“செஞ்சிக் கோட்டையா? வருஷத்துக்கு ஒரு நாள் டூரு, அதுலயும் மலை ஏறணுமா? வாரம் பூரா நின்னே வேலை பாக்குற காலு அண்ணாச்சி இது!”

மணிகண்டபிரபு சொன்னதும் கேன்டீன் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் அசெம்பிளி லைனில் அவன் சொன்னால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். அவனுக்கு வாட்டர் பார்க் போக வேண்டும்.

கம்பெனி பஸ் டிரைவர் சுப்பராயன் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக சுங்குவார்சத்திரத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். டூர் இந்த மாதக் கடைசி ஞாயிறு. அதற்கு இரண்டு நாள் கழித்து அவருக்கு ரிடையர்மென்ட். டூர் எங்கே என்பதில் டிரைவருக்கு ஓட்டு கிடையாது. இல்லாவிட்டால் என்ன, டீ டம்ளரோடு வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

“தண்ணியில எப்ப வேணா குதிக்கலாம்பா. செஞ்சி அப்படியா? உலகப் பாரம்பரியச் சின்னம்னு இப்ப பேப்பர்லயே போட்டுட்டான். உச்சியில இன்னா காத்து தெரியுமா? வேர்வையில நனைஞ்ச சட்டை அஞ்சே நிமிஷத்துல காஞ்சு பூடும்.”

லைன் லீடர் இசைவாணிதான் டூர் லிஸ்ட் எழுதுகிறவள். பேனாவைக் கீழே வைத்தாள். “சரி, சொல்லுங்கண்ணா. மேல என்னதான் இருக்கு?”

இதற்காகத்தானே காத்திருந்தார்!

“உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி மலை ரெண்டா பொளந்து கீது. நடுவுல ஒரு பாலம். எட்டிப் பாத்தா தலை சுத்தும். முன்ன ஒரு டூர்ல பேக்கிங் செக்‌ஷன் அம்சவல்லி, அந்த இடத்துல ‘நான் வரல சாமி’ன்னு உக்காந்து அழுதுடுச்சு. மெயின்டனன்ஸ் ஜோயல்தான் கையைப் புடிச்சுக் கூட்டிகினு போனான். அந்தப் பக்கம் போயும் கையை வுடல.”

“எந்த ஜோயல்? நம்ம சூப்பர்வைசரா?”

“அவனேதான். இன்னிக்கு வரைக்கும் வுடல. ரெண்டு புள்ளைங்க ஆச்சு.”

மேசையே ‘ஓ’ போட்டது. தள்ளி உட்கார்ந்திருந்தவர்களும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

“எத்தனை படி அண்ணாச்சி?” மணிகண்டபிரபு இறங்கி வந்தான்.

“ஜோயல் எண்ணிகினுதான் ஏறினான். முன்னூறோட கணக்கு வுட்டுப்போச்சு. அம்சவல்லி பின்னாடி மூச்சு வாங்கிகினு வந்துச்சுல்ல!”

சிரிப்பு அடங்கியதும் சுப்பராயன் டம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னார். “இதே கேன்டீன்ல கோவிந்தம்மான்னு ஒரு அக்கா இருந்துச்சு. மூட்டு வலி. வேணாம்னு சொல்லச் சொல்லக் கேக்காம உச்சி வரைக்கும் ஏறிடுச்சு. அங்கேர்ந்து பாத்தா, கீழ நிக்கிற நம்ம பஸ்ஸு தீப்பெட்டி மாதிரி தெரியும். அந்தக்கா அதைக் கண்டுபுடிச்சு, முந்தானையை ஆட்டி ஆட்டி டாட்டா காட்டுச்சு.”

“அவங்க இப்ப எங்கண்ணா?”

“கொரோனால போயிடுச்சும்மா. அந்த பேட்ச்ல பாதிப் பேரு எங்க கீறாங்கன்னே தெரியல.”

அப்போதெல்லாம் டூர் முடிந்து ஒரு வாரத்துக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் ஒருவரும் தூங்க மாட்டார்கள்; பேச்சும் கும்மாளமுமாக இருக்கும். இப்போது ஏறியதுமே எல்லார் காதிலும் இயர்போன். அந்த நாட்கள் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தன.

இசைவாணி கை தூக்கச் சொன்னாள். செஞ்சிக்கு முப்பது கைகள் எழுந்தன. மணிகண்டபிரபு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முப்பத்தொன்றாவதாகத் தூக்கினான்.

“அப்போ செஞ்சி. மொத்தம் நாற்பத்தைந்து பேர். டிரைவர், சுப்பராயன்...” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

“வாணிம்மா, டிரைவர்ன்னு போட்டதுல என் பேரை அடிச்சிடு. இன்னொரு பஸ் டிரைவர் ஆறுமுகநயினார் கிட்ட பேசிட்டேன். அன்னிக்கு அவரு வண்டி எடுப்பாரு.”

பேனா நின்றது. மணிகண்டபிரபுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

“நல்லாருக்கே அண்ணாச்சி! வாட்டர் பார்க்குன்னு இருந்தவங்களை மலையில ஏத்திவிட்டுட்டு, நீங்க வீட்டுல படுத்துக்கப் போறீயளோ?”

“சும்மா இரு மணி,” என்றாள் இசைவாணி. “செஞ்சிக்கு மட்டும் பதினோரு தடவை போய்ட்டு வந்தவரு. அவருக்கு அலுத்துப் போயிருக்காதா? ரெஸ்ட் எடுக்கட்டும். நான் ஆபீஸ்ல சொல்லிக்கிறேன்ணா.”

“அய்ய, வரலன்னு யாரு சொன்னது?” சுப்பராயன் பதறிப்போய் எழுந்துவிட்டார். லிஸ்டைத் தன் பக்கம் திருப்பி, நாற்பத்தைந்தாவது பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

“இங்க எழுதும்மா. நாப்பத்தாறுன்னு போட்டு எழுது.”

“புரியலைண்ணா...”

“எல்லாரும் மேல ஏறினா, டிரைவர் பஸ்ஸுலயே படுத்துத் தூங்கணும். திரும்ப ஓட்டணும்ல, அது கம்பெனி ரூல். வர்ற வழியில நான் கண்ணு அசந்துடக் கூடாதுன்னு, யாராச்சும் பக்கத்துல பானட் மேல உக்காந்து, மேல நடந்ததெல்லாம் சொல்லிகினே வருவாங்க. அம்சவல்லி சொல்லுச்சு, ஜோயல் சொன்னான், கோவிந்தம்மா ஒரகடம் வர்ற வரைக்கும் நிறுத்தல. எனக்குத் தெரிஞ்ச செஞ்சி அவ்ளோதான். பதினோரு தடவையில நான் ஒரு படி கூட ஏறினதில்லம்மா.”

விரலை எடுக்காமலே சொன்னார்: “இந்த ஒரு வாட்டி, மேல நின்னு என் பஸ்ஸுக்கு நானும் டாட்டா காட்டிட்டு வந்துடுறேனே.”