கழற்றி வைத்த மோதிரம்

மூன்றாவது நாளாகக் கஸ்பர் கல்யாண மோதிரத்தைக் கழற்றி மாதா படத்தடியில் வைத்துவிட்டு தேயிலைத் தோட்டத் துரையின் பங்களா வேலைக்குக் கிளம்பினார்.

மனைவி சிசிலி கேட்டேவிட்டாள். "ஏங்க, மோதிரத்த எதுக்குக் கழட்டுறீங்க?"

"வேலைக்கு எடஞ்சலா இருக்கு புள்ள."

"இருபது வருசமா மண்வெட்டி புடிச்சப்ப இல்லாத எடஞ்சலா?"

"சொன்னா நீ சிரிப்ப."

அவர் நகத்தைக்கூட ஒட்ட வெட்டியிருந்தார். பங்களாவுக்குப் புதிதாக ஒரு சமையல்காரி வந்திருப்பது சிசிலிக்குத் தெரியும்.

அன்று கொழுந்தெடுக்க அவளுக்குக் கை ஓடவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் பங்களாவுக்கு ஏறினாள். பின்பக்க ஷெட்டின் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே கஸ்பரின் குரல்.

"இந்தக் குளிருக்குத் தோலெல்லாம் வெடிச்சுப் போச்சே... பொறு, மெதுவாத் தடவுறேன்."

சிசிலி படாரென்று கதவைத் தள்ளினாள்.

துரை புதிதாக வாங்கியிருந்த, பழங்காலத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் கண்ணாடிபோல் மின்னியது. கஸ்பர் தனியாக அதன் தோல் சீட்டுக்குக் கிரீம் பூசிக்கொண்டிருந்தார்.

நிம்மதியில் சிரித்தபடி சிசிலி கார்மேல் கையூன்றப் போனாள்.

"ஐயோ, தொடாத!" கஸ்பர் அலறினார். "மொதல்ல வளையலக் கழட்டு! பெயிண்டுல ஒரு கீறல் விழுந்தாலும் வேல போயிரும்னுதான், நானே மோதிரத்த வீட்டுல வச்சிட்டு வாறேன்!"