கன்னிமூலை அறை

திசைகாட்டியின் முள் நின்றுவிட்டது.

தென்மேற்கு. கன்னிமூலை. சந்தேகமே இல்லை. வயதானவர்கள் படுத்துறங்க இதைவிட நல்ல அறை ஒரு வீட்டில் வாய்க்காது.

இதைத்தான் ஆகாது என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வாஸ்துக்காரர் வந்திருக்கிறார்.

சம்பூரணம்மாள் அறைக்கு வெளியிலேயே நின்றார். இவர் வந்து பார்த்துச் சொல்லாமல் உள்ளே படுக்க மாட்டேன் என்று நான்கு நாளாக ஹாலில்தான் படுக்கை. கையில் கணவரின் படம், துண்டில் சுற்றி. எந்தச் சுவரில் மாட்டலாம் என்று கேட்டார்.

தெற்குச் சுவர் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடற்கரைச் சாலையை ஒட்டிய குடியிருப்பு. அறுபது வீடுகள், அறுபதும் ஒரே அச்சு. கேட்டில் நிறுத்திப் போட்டோ பிடித்தார்கள். போனுக்கு வந்த நம்பரைக் கேட்டார்கள். பேட்டரி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு பக்கம் சங்கு வீதி, மறு பக்கம் சிப்பி வீதி. மதிலுக்கு அப்பால் ரிசார்ட். பகல் பதினொரு மணிக்கே பாட்டு. அதற்கும் அப்பால் கடல். சும்மா சொல்லக் கூடாது, நல்ல இடம்தான்.

பண்ருட்டி வீட்டை விற்ற பணத்தை இந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் அம்மா. அந்த வீட்டுக்கு மனை பார்த்துக் கொடுத்தவரும் இவர்தான். முப்பது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இவர் சொன்னால் அந்த அம்மாவுக்கு வேதவாக்கு.

அது மகனுக்குத் தெரியும். நேற்று போனில் இளவழகன் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தான். அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. நான்கு நாளில் மூன்று சண்டை. திண்டிவனம் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறான். நான் சொன்னால் உடைந்துபோவார்கள், நீங்கள் சொன்னால் விதி என்று ஏற்றுக்கொள்வார்கள் என்றான். கெட்டவன் இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இவருக்கு என்ன வந்தது?

மற்ற வீட்டுக்காரர்களிடமும் உங்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றான். அந்த இடத்தில் விழுந்தார். அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு சபலம். தூ.

ஜன்னலைத் திறந்தார். சாலைக்கு அந்தப் பக்கம், குடியிருப்புக்குப் பொதுவான நீச்சல்குளம்.

கன்னிமூலையில் தண்ணீர் என்றார். மூத்தவர்களுக்கு ஆகாது. இந்த அறையில் தங்கினால் உடம்புக்குக் கேடு, பிள்ளைக்கும் நல்லதில்லை.

பிள்ளையைப் பற்றி இளவழகன் சொல்லச் சொல்லவில்லை. அது தானாக வந்தது. பொய் சொல்ல ஆரம்பித்தால் அப்படித்தான் வரும்.

நடுவில் சாலை ஓடினால் அந்தத் தண்ணீர் கணக்கிலேயே சேராது. பஞ்சாங்கம் விற்கிறவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

மாடி ஏற அம்மாவுக்கு முழங்கால் இடம் கொடுக்காது. கீழே இருப்பது இந்த ஓர் அறைதான். பக்கத்தில் நின்ற இளவழகன் தரையைப் பார்த்துக்கொண்டே, குடிக்க ஏதாவது கொண்டுவருகிறேன் என்று நகர்ந்துவிட்டான்.

அம்மா இப்போதுதான் அறைக்குள் வந்தார்.

ஜன்னல் பக்கம் போனார். குளத்தைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். பேட்டரி வண்டி ஒன்று போயிற்று. அது திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“பண்ருட்டியிலயும் எங்க மனைக்கு இந்தப் பக்கம் குட்ட இருந்துச்சு. நடுவுல ரோடு போவுது, கணக்கில்லன்னு சொன்னீங்க.”

அவருக்குக் காது மடல் சுட்டது.

அம்மா சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வீட்டு மேல பழியப் போட்டுட்டுப் போயிடாதீங்கய்யா. புள்ளைங்க பொழங்கப்போற வீடு. எனக்குத்தான் கடக்காத்து ஒத்துக்காதுன்னு சொல்லிடுங்க.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இளவழகன் மோர் கொண்டுவந்தான். அம்மா சொன்னபடியே இவரும் சொன்னார். மறுபடியும் அளந்து பார்த்தேன், வீட்டில் ஒரு குறையும் இல்லை. அம்மா உடம்புக்குத்தான் உப்புக்காற்று ஆகாது. இளவழகன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கச் சகிக்கவில்லை. திண்டிவனம் பக்கம் ஓர் இல்லம் இருக்கிறதாமே என்று, அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலப் பேச்செடுத்தான். டாக்டர் உண்டு, பக்கத்திலேயே கோயில் உண்டு.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். திரும்பவும் துண்டில் சுற்றினார். கிளம்புவதற்கு ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நாள் பார்க்காமல் அவர் படி இறங்கியதில்லை.

புதன்கிழமை முடியுமா என்று இளவழகன் கேட்டான்.

பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

புதன். வளர்பிறை. அனுஷம். சூலம் வடக்கே, போவதோ தெற்கே. கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம்.

பக்கத்தைப் புரட்டினார்.

“இந்த மாசம் நாளே இல்லைங்கம்மா.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார். அடுத்த மாசம் என்றான் இளவழகன், கொஞ்சம் அவசரமாக.

அவர் மோரை எடுத்து ஒரு வாய் குடித்தார். விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதிலும் இல்லை என்றார்.

பஞ்சாங்கத்தில் பங்குனி முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது.