சுவரில் ஒரு ஜூனியர்

ஒரு கம்பெனியின் டிரெய்னிங் ரூம் சுவருக்குப் புதிதாக ஒரு பல்லி வந்து சேர்ந்தது. அங்கேயே பழம் தின்று கொட்டை போட்ட பழைய பல்லி அதைப் பார்த்து, "ஃப்ரெஷரா?" என்றது. கீழே மனிதர்கள் புதிதாக வந்தவர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

புதுப் பல்லிக்குச் சுருக்கென்றது. "டிரெய்னி" என்று திருத்தியது. அடுத்த வாரம் யாரும் கேட்காமலே, "இப்ப நான் ஜூனியர்" என்றது.

மருந்தடிக்கிற ஆள் வந்தால் எங்கே ஒளிவது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. கேட்டால் புதுசு என்று நினைத்துவிடுவார்களே. கதவு திறக்கும்போதெல்லாம் அதன் வால் துடித்தது.

ஒருநாள் ஜன்னல் வழியாக இன்னொரு பல்லி வந்தது. ஜூனியருக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஃப்ரெஷரா?"

"ஆமாங்க. பக்கத்து ரூம்ல மருந்தடிச்சு விரட்டிட்டாங்க. இங்க அடிச்சா எங்க ஒளியணும்?"

"அதெல்லாம் போகப் போகத் தெரியும்."

வந்த பல்லி நேராகப் பழைய பல்லியிடம் போய்க் கேட்டது. அது என்னவோ சொன்னது. ஜூனியர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் ஒன்றும் விழவில்லை.

மறுநாளே முகமூடி போட்ட ஆள் மருந்து டப்பாவோடு உள்ளே நுழைந்தான். பழைய பல்லியைக் காணவில்லை. நேற்று வந்த பல்லி விறுவிறுவென்று சுவரேறி ஓடியது. நடுச்சுவரில் திகைத்து நின்ற ஜூனியர் அதன் வாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடியது.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்கண்ணே. நானும் ஃப்ரெஷர்தான்."