கிரேக்கக் கடைப் பார்சல்

கிரேக்கக் கடைப் பார்சலை எழில்மதி மேசையின் நடுவில் வைத்ததும், சுற்றியிருந்தவர்கள் தங்கள் டிபன் பாக்ஸ்களை ஒதுக்கி இடம் விட்டார்கள்.

அலுவலகத்துக்கு எதிரே அந்தக் கிரேக்கச் சாப்பாட்டுக் கடை திறந்ததிலிருந்து எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண். பிரான்சிலிருந்து திரும்பிய யாரோ பெரிய இடத்துப் பிள்ளை போட்டது என்று பேச்சு. காரைக்காலில் பிரான்ஸ் என்றாலே ஒரு மரியாதைதான். முதலில் போய் வாங்கத்தான் ஆளில்லை.

மதியச் சாப்பாடு இங்கே பொது. நவநீதனின் மீன்குழம்பு சொர்ணாம்பாள் மேடத்தின் தட்டுக்குப் போகும். மேடத்தின் கோழி வறுவல் நவநீதனுக்கு வரும்.

எழில்மதியின் டப்பாவுக்கு மட்டும் யார் கரண்டியும் வந்ததில்லை.

அவள் ஊரான பூவத்தில் எந்தத் தெரு என்று முதல் நாளே மேடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து அவள் எதை நீட்டினாலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிறு நிறைந்துவிடும். அப்படி ஒரு ஒற்றுமையான வயிறு. அம்மா பார்த்துப் பார்த்து வறுத்த இறாலை அவள் தனியாகத் தின்று தீர்த்திருக்கிறாள். அழுகை வந்ததில்லை, கோபம்தான் வந்தது.

இன்று யாருக்கும் வயிறு நிறையவில்லை.

மெத்தென்ற ரொட்டிக்குள் சுட்ட கோழி, வெள்ளரிக்காய் சீவிப் போட்ட கெட்டித் தயிர். நவநீதன் விரலை நக்கினார். மேடம் ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

“என்ன பக்குவம் பாரு! வெள்ளக்காரன் கைப்பக்குவமே தனிதான். அங்க யாரும்மா சமைக்கிறது?”

மேடம் அடுத்த வாய் கடிக்கும்வரை எழில்மதி காத்திருந்தாள்.

“எங்கம்மாதாங்க. தம்பி பாரிஸ்ல ஒரு கிரேக்கக் கடையில வேலை பாத்துட்டு வந்து போட்ட கடை. மாவு பெசையறதுலேந்து தயிர் கட்டுறது வரைக்கும் எல்லாம் அம்மா கைதான்.”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. மேடம் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. நவநீதன் ஈர விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார்.

எழில்மதி தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேடத்தின் பக்கம் நகர்த்தினாள். பிறகு தன் டப்பாவைத் திறந்து, மேசையின் நடுவில், பார்சலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதிலும் அம்மா சுட்ட கோழிதான். போன வாரம் அவள் நீட்டியபோது எல்லோருக்கும் வயிறு நிறைந்துபோன அதே கோழி.