அடையாளம் காட்ட வந்தவன்

பெற்றவளை வீட்டைவிட்டு எழுப்ப வழக்குப் போட்டவன் மெல்ரோய். நீதிமன்ற அழைப்பாணையைக் கொடுக்கக் கொட்டாஞ்சேனைக்குப் போன கோட்டு ஊழியர் கிளெமென்ற் அவனையும் கூட்டிப் போனார். ஆளை அடையாளம் காட்டுவது வழக்காளியின் வேலை. கேற்றடியில் நின்றபடியே, விறாந்தைக் கதிரையில் இருந்தவளை மெல்ரோய் கைநீட்டிக் காட்டினான். "அவதான்." அந்த விரலுக்குக் கூச்சமே இல்லை.

கடுதாசியை வாங்கிய தாய் எவ்லின் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "மகன், இதை ஒருக்கா வாசி" என்றாள்.

குசினிக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவனும் மெல்ரோய்தான். அதே முகம். நின்று வாசித்தான்.

"ஒண்டுமில்லை மம்மி. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது."

கிளெமென்ற் திரும்பிப் பார்த்தார். கேற்றடியிலும் மெல்ரோய்தான் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

ஓட்டோவில் ஏறியதும் வழக்குப் போட்டவன் கேட்டான்: "கிழவி அழுததோ?"

"இல்லை" என்றார் கிளெமென்ற். "மகன் பக்கத்தில நிண்டவர்."