பால் மறந்தவனுக்குப் பத்தியம்

தட்டில் வெறும் சோறு விழுந்ததும் கையைக் குறுக்கே வைத்து மறித்தாள். சாம்பார் வேண்டாம். ரசமும் வேண்டாம்.

சாப்பாட்டு வாளியோடு வந்த ஆஸ்பத்திரி ஆயா ஒரு முறை முறைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

இவள் கட்டிலில் மகன் இசக்கிராஜா தூங்கிக்கொண்டிருந்தான். நான்கு வயது. தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை.

ரத்தப் புற்று என்று சொன்ன அன்றைக்கு அழுததோடு சரி. அதற்கப்புறம் அவளுக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. மரத்துப்போய்க் கிடந்தாள்.

மடியில் ஒரு பொட்டலம் இருந்தது.

அண்ணன் நாட்டு வைத்தியரிடம் வாங்கி வந்த சூரணம். தேனில் குழைத்துப் பிள்ளைக்குக் கொடு, உப்பு புளி ஆகாது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஊசி ஏறுகிறவரைக்கும் வேறு எந்த மருந்தும் கூடாது, பிள்ளையின் ஈரல் தாங்காது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அவள் புருஷன் பேச்சிமுத்து டாக்டரம்மா கட்சி. பொட்டலத்தைக் கண்ட அன்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். இதைப் பிள்ளை வாயில் வைத்தால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்றான்.

கொடுத்தால் என்ன ஆகுமோ.

கொடுக்காவிட்டால் என்ன ஆகுமோ.

அவளுக்கு இரண்டுமே பயமாக இருந்தது. தூக்கி எறியவும் கை வரவில்லை.

பால்குடியில் இவனுக்கு மாந்தம் வந்தபோது மருந்தை அவள்தான் தின்றாள். பத்தியமும் அவள்தான் இருந்தாள். பாலோடு இறங்கிப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. குணமானான்.

அவன் பால் மறந்து எவ்வளவோ காலமாயிற்று. அது அவளுக்குத் தெரியாதா என்ன?

தெரிந்துதான் தினமும் தின்கிறாள். இன்றும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். வேப்பங்காய்க் கசப்பு. முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினாள்.

நிமிர்ந்தபோது பேச்சிமுத்து நின்றுகொண்டிருந்தான்.

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். முகத்தில் ஈயாடவில்லை. இந்த ஊசிக்குக் கேட்கவில்லையாம். வேறு ஊசி போட்டுப் பார்ப்பார்களாம். பார்க்கலாம் என்றார்களாம், அவ்வளவுதான்.

சொல்லி முடித்த பிறகுதான் அவள் கையில் இருந்த பொட்டலத்தைக் கவனித்தான்.

"ஏளா, புள்ளைக்குக் குடுத்தியா?"

"இல்ல. நாந்தான் திங்கேன்."

கத்தப்போகிறான் என்று காத்திருந்தாள். கத்தட்டும். அடித்தாலும் வலிக்காது போலத்தான் இருந்தது.

அவன் தட்டைப் பார்த்தான். குழம்பு படாத சோறு. அப்புறம் பிள்ளையைப் பார்த்தான்.

வெகுநேரம் பார்த்தான்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். உள்ளங்கையை நீட்டினான்.

"எனக்குங் கொஞ்சம் போடு."

போட்டாள்.